பச்சைக் கோடு போட்ட அட்டைகள்

வருகிற திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் நீங்கள் இருவரும் உட்காரப் போகிறீர்கள். நாற்காலி என்பது ஒரு பேச்சுக்கு. இந்த வேலையில் உட்காருவது பஸ்ஸில்தான், அதுவும் இடம் கிடைத்தால். எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, மாதக் கடைசியில் யார் மேஜையில் வைப்பது என்பதையெல்லாம் ஆபீஸில் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தர மறந்துவிடக்கூடிய ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் செய்த தப்புகளில் பெரியது அது. அதைக் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர்.

நம் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இதயம் பலவீனப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, தேறி வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது. எப்படி இருக்கிறார்கள், மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது. சில வீடுகளில் போய்க் கதவைத் தட்டும்போதுதான் ஆள் போய்விட்ட சேதியே நமக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது அட்டைகள் இரண்டு தட்டுகளில் இருந்தன. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டவை ஒரு தட்டு. இதயம் பெருத்து, தளர்ந்து, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்தவர்கள் அதில். பச்சைக் கோடு போட்டவை இன்னொரு தட்டு. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இவர்களின் இதயம் தள்ளுவதெல்லாம் சரியாகவே தள்ளும். ஆனாலும் இவர்களும் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, மூச்சு முட்டி வந்தவர்கள்தான். பெரும்பாலும் வயதான பெண்கள், பல வருஷமாகப் பிரஷரும் சுகரும் உள்ளவர்கள். ரிப்போர்ட்டில் ‘பம்ப் நார்மல்’ என்றும், அதற்குக் கீழே சின்னதாக ‘சுவர் விறைப்பு’ என்றும் இருக்கும்.

சிவப்புத் தட்டுக்காரர்கள் அதிக வருஷம் தாங்க மாட்டார்கள் என்று வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டேன். பச்சையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பச்சை என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்? நானாக ஒரு முறை வகுத்துக்கொண்டேன். சிவப்புக்கு மாதம் ஒரு தடவை நேரில் போவது. பச்சைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. நடுவில் ஒரு பதில் கார்டு அனுப்புவது. யாரும் இதைத் தடுக்கவில்லை. தட்டு சீக்கிரம் காலியாகிறதே என்று பாராட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்கிற வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள். அச்சடித்த தாளில் ஒரு வார்த்தை இருந்தால் அதை மீறி யோசிக்க எனக்கு அப்போது தைரியம் வராது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால் எனக்கு அது நார்மல்.

இனி அன்வர் பாய்.

சிவப்புத் தட்டில் முதல் அட்டை அவருடையது. ஐம்பது வயது. மாரடைப்பு வந்து இதயத்தில் பாதி வேலை நிறுத்தம் செய்துவிட்டது, மீதிப் பாதிதான் ஷிஃப்டு பார்க்கிறது என்று அவரே சொல்வார். ஆம்பூரில் ஒரு டேனரியில் பதனிட்டு வந்த தோல்களைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. பாரம் தூக்காத வேலை என்பதால் டாக்டர் அனுமதித்திருந்தார். முதல் தடவை போனபோது, இவரை இன்னும் எத்தனை மாதம் பார்ப்போமோ என்ற நினைப்போடுதான் போனேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இன்னா தம்பி, கபர்ஸ்தானுக்கு வழி கேக்கறவன் மாதிரி வர்றியே என்றார்.

தினமும் எடை பார்க்கவேண்டும் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். உடம்பில் நீர் தங்க ஆரம்பித்தால் கால் வீங்குவதற்கு முன்னாலேயே எடை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரவேண்டும். இதை நாம் எல்லாரிடமும் சொல்கிறோம். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். எடை பார்க்கும் மெஷின் எந்த வீட்டில் இருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் எடையோடு ஜோசியமும் சேர்த்துச் சொல்லும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்காக யார் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்கள்?

அன்வர் பாய் எங்கும் போகவில்லை. டேனரியில் தோல் கட்டுகளை நிறுக்கும் தராசு இருந்தது. தரையோடு தரையாக இரும்புப் பலகை. பக்கத்தில் ஒரு தண்டு, அதில் நகர்த்தும் குண்டு. காலையில் மற்ற ஆட்கள் வருவதற்குள் அதில் ஏறி நிற்பார். எடையைப் பின்சுவரில் சாக்பீஸால் எழுதுவார். ஒன்றன் கீழ் ஒன்றாக, தேதியோடு. நான் போகும்போதெல்லாம் முதலில் சுவரைக் காட்டிவிட்டுத்தான் பேசுவார். ஒரு தடவை எண்கள் நாலு நாளாக ஏறியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ‘மச்சான் வீட்டுக் கல்யாணம்’ என்று எழுதி, அடியில் ‘ஆஸ்பத்திரி போனேன்’ என்றும் எழுதியிருந்தார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வீட்டில் உப்பில்லாமல் வடித்த சோற்றை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆம்பூரில் கல்யாணப் பந்தியில் டிபன் பாக்ஸைத் திறக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு பலவீனமான நெஞ்சில் அவ்வளவு உரம் எங்கிருந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அவர் இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் கிருபா டீச்சர். நடுநிலைப்பள்ளியில் கணக்கு எடுப்பவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கணவர் காலமாகிவிட்டார், மகள் வெளியூரில். அன்வர் பாயின் மூன்று பெண்களும் அவரிடம் படித்தவர்கள்.

டீச்சர் மூச்சு முட்டி எங்கள் வார்டுக்கு வந்து, பத்து நாளில் தேறினார். பச்சை அட்டை. வீட்டுக்குப் போகிற அன்று, டாக்டர் சொன்னது எதுவும் புரியவில்லை, நீ தமிழில் சொல்லு என்று என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் அப்போதுதான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஒரு கணக்கு டீச்சர் என்னிடம் விளக்கம் கேட்கிறார் என்ற பெருமை.

“உங்க இதயம் பம்ப் பண்றது நார்மல் டீச்சர். பயப்பட ஒண்ணும் இல்ல” என்றேன்.

இந்த ஒரு வாக்கியம்தான் என் தப்பு.

டீச்சர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் என் இருதயத்தை நார்மலாக்கினார் என்று சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். அவர்கள் சபையில் இது வழக்கம். நோய் தீர்ந்தவர்கள் எல்லார் முன்னாலும் நின்று நன்றி சொல்வார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த நோய் முடிந்த கதை. அதற்குப் பிறகு அதே நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சொன்ன சாட்சி பொய்யா, நம்பிக்கை குறைவா என்று கேட்க மாட்டார்களா? டீச்சருக்கு இந்தத் தயக்கம் வந்துவிட்டது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீர் பிரியக் கொடுக்கிற மாத்திரையைக் காலையில் போட்டால் மத்தியானம் வரை நாலைந்து தடவை பாத்ரூம் போகவேண்டும். அவர் பள்ளியில் டீச்சர்களுக்கென்று பாத்ரூம் இல்லை. மைதானத்தைத் தாண்டி, பக்கத்து வீட்டில் சாவி கேட்டுப் போகவேண்டும். மாத்திரையை நிறுத்தினார். அது ஆவக்காய் ஊறுகாய் போடுகிற மாசம் வேறு, உப்புக்குக் குறைவில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது நான் அனுப்பிய கார்டுக்கு வந்த பதில் மட்டும்தான். கரும்பலகை எழுத்து மாதிரி அழகான எழுத்து. ‘நான் சுகமாக இருக்கிறேன். ஸ்தோத்திரம்.’ படித்துவிட்டு அட்டையோடு சேர்த்துக் குத்தி வைத்தேன்.

அடுத்த மாதம் அன்வர் பாயைப் பார்க்கப் போனபோது அவர் சுவரைக் காட்டவில்லை. டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டார். அவங்களுக்கு இப்போது முறை இல்லை, நல்லா இருக்காங்க, கார்டு போட்டிருக்காங்க என்றேன்.

“டீச்சரம்மா சினிமா போஸ்டர் படிக்கறாங்க தம்பி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: பள்ளிக்கூடம் விட்டு அவர்கள் இந்த வழியாகத்தான் வருவார்கள். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே போகிறவர்கள். இப்போது பத்து நாளாகப் போஸ்டர் ஒட்டின சுவரண்டை நிற்கிறார்கள். அப்புறம் தையல் கடை வாசலில் ஒரு நிமிஷம். அப்புறம் வளையல் கடை. போஸ்டர் படிக்கிற மாதிரி நிற்கிறார்களே ஒழிய, தோள் ஏறி இறங்குகிறது. நானும் மூச்சு வாங்கினால் இப்படித்தான் எங்கேயாவது எதையாவது பார்க்கிற மாதிரி நிற்பேன். இந்த வேஷம் போட்டவனுக்குத்தான் இது தெரியும்.

பாய், அவங்க கேஸ் வேற, பம்ப் நார்மல், சுவர் கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான் என்றேன். ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டை இன்னொரு நோயாளியிடம் சொன்னது தப்பு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அன்வர் பாய் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். விறைப்பா என்று கேட்டார். ஒதுக்கி வைத்த குவியலிலிருந்து ஒரு துண்டை இழுத்தார். பதம் தவறிக் கட்டை மாதிரி ஆகிப்போன தோல். அதைக் குழித்துப் பை மாதிரிப் பிடிக்கச் சொன்னார். குழியவே மாட்டேன் என்றது. அப்பா காலத்தில் தோல் பையில்தான் தண்ணீர் சுமப்பார்கள் என்றார். பிறகு சொன்னதை நான் இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.

“தளர்ந்த பைன்னா தண்ணி ரொம்பும், பிழிஞ்சா வெளிய வராது. அது என் கேஸு. விறைச்ச பைன்னா பிழிஞ்சா நல்லாத்தான் வரும். ஆனா உள்ள ரொம்பினாத்தானே? கம்மியாத்தான் புடிக்கும். மீதித் தண்ணி இன்னா ஆவும்? வந்த வழியே நிக்கும். நீ பிழியறதை மட்டும் பாத்துட்டு நார்மல்னு சொல்லிட்டே.”

டாக்டர் ஒரு வகுப்பில் இதையேதான் படம் போட்டுச் சொல்லியிருந்தார். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். சாயங்காலம் ஐந்து மணி. கதவைத் திறந்தவர் வாக்கியத்தை முடிக்காமல் மூச்சு எடுத்தார். கட்டில் மேல் பரீட்சைப் பேப்பர் கட்டுகள் பரப்பியிருந்தன. படுக்க இடமே இல்லை. நாற்காலிக்கு முன்னால் மேஜை, மேஜை மேல் தலையணை. படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள்தான் மேஜையில் கவிழ்ந்து தூங்குவார்கள்.

உடனே வேலூருக்கு, நம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். திங்கட்கிழமை பேப்பர் கொடுக்கவேண்டும் என்றார். நான் விடவில்லை என்றதும் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

“சாட்சி சொல்லிட்டேன் தம்பி. இப்ப திரும்பிப் போய்ப் படுத்தா, நான் பொய் சொன்ன மாதிரி இல்ல, கர்த்தர் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.”

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. இப்படியே விட்டால் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. செத்துப்போவீர்கள் என்று பயமுறுத்தலாம். ஆனால் அவர் சாவுக்குப் பயப்படுகிறவராகத் தெரியவில்லை. அவருடைய நம்பிக்கையோடு வாதம் பண்ண எனக்குத் தகுதியும் இல்லை. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். அதைச் சொன்னேன். நார்மல் என்பது என் வாயில் வந்தது, ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, அதை நான் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை, எனக்கே அது புரியவில்லை என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். கணக்கில் விடை தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற பார்வைதான். பிறகு, இப்ப நீ சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்பறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பின்னாலேயே நடந்து வந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அன்வர் பாயிடம்தான் அதற்குப் பதில் இருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது எடை போட்டிருப்பார்களே, இப்போது போட்டுப் பார்க்கலாம் என்றார்.

“தோல் போடற தராசுலயா? நானா?” என்றார் டீச்சர்.

“நான் தெனமும் ஏர்றேன் டீச்சரம்மா. எந்தத் தோலும் கம்ப்ளெயின்ட் பண்ணல.”

டீச்சர் சிரித்துவிட்டார். அதிலேயே இருமல் வந்தது.

அன்வர் பாய் முன்னால் போய்த் தராசுப் பலகையைக் கழுவி, மேலே சுத்தமான சாக்கு விரித்து வைத்தார். ஷிஃப்டு முடிகிற நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின மாதிரி வரிசையாகத் திரும்பி நின்றார்கள். அதில் மூன்று பேர் டீச்சரிடமே படித்தவர்கள். அந்தத் தண்டனை அவர்களுக்குப் புதிதல்ல என்று டீச்சரே சொன்னார். சாக்கின் எடையையும் கழிக்கவேண்டும் என்று ஞாபகப்படுத்தியதும் அவர்தான்.

குண்டை நகர்த்தினேன். அறுபத்தொன்பது. அட்டையில் இருந்தது அறுபத்தொன்று.

எட்டு என்றார் டீச்சர் மெதுவாக. சோறே இறங்காமல் இருக்கிறேன், எட்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தண்ணீர் என்றேன். அவர் தராசை விட்டு இறங்கவில்லை. குண்டு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். என் வார்த்தையை நம்பாமல் இருக்க அவருக்கு உரிமை இருந்தது. அந்தக் கழித்தலை நம்பாமல் இருக்க முடியவில்லை.

“வண்டி இருக்கா?” என்றார்.

டேனரி வேன் இருந்தது. சீட்டை நீட்டிப் படுக்க வைக்கலாம் என்றான் டிரைவர். கூடாது, உட்காரட்டும், கால் தொங்கட்டும் என்றேன். வார்டு சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படிச் செய்வதை நான் நூறு தடவை பார்த்திருந்தேன். அவர் எனக்கு என்று தனியாக எதையும் சொல்லித் தந்ததில்லை. பார்த்தது அன்று கை கொடுத்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு நெடுஞ்சாலையில் போனோம். பள்ளிகொண்டா நெருங்கும்போது டீச்சரின் உதடு நிறம் மாறியது. மூச்சில் விசில் சத்தம். வேலூர் இன்னும் அரை மணிக்கு மேல். பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று டிரைவர் சொன்னான். அதுவரை தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். சாலையோரம் ஒரு சின்ன கிளினிக் பலகை தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன்.

உள்ளே இருந்த டாக்டர் என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் பெரியவர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விசில் சத்தத்தைக் கேட்டு, ஆஸ்துமா உண்டா என்றார். ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் கண் நேரே அந்த வார்த்தைக்குப் போனது. பம்ப் நார்மல் என்று போட்டிருக்கே, அப்ப ஹார்ட் இல்ல, மூச்சுக்குழாய்தான் என்று சொல்லி, அதற்கான ஊசியை எடுக்கச் சொன்னார்.

நான் செய்த அதே தப்பு, என் கண் முன்னால், ஊசியோடு வந்து நின்றது. நான் ஒரு ஃபாலோ-அப் கிளார்க். அவர் டாக்டர். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு டாக்டரை மறுத்துப் பேசியதே கிடையாது.

“சார், அந்த வார்த்தையை நம்பித்தான் நான் இவங்களை இந்த நெலமைக்குக் கொண்டாந்தேன். எடையைப் பாருங்க சார். எட்டு கிலோ ஜாஸ்தி” என்றேன்.

அந்த டாக்டரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கோபப்பட்டிருக்கலாம். வெளியே நில்லு என்றிருக்கலாம். அவர் ஒரு நொடி நின்றார். டீச்சரின் காலில் விரலை அழுத்தி எடுத்தார். விழுந்த குழி அப்படியே நின்றது. கழுத்து நரம்பைப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், ரொம்ப மேலே இருந்தது. எடுத்த ஊசியை வைத்துவிட்டு, நீர் பிரிகிற ஊசியைப் போட்டு, பிரஷருக்கு நாக்கடியில் மாத்திரை வைத்தார். முகத்தில் ஆக்ஸிஜன். அரை மணி நேரத்தில் டீச்சர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பாத்ரூம் எங்கே என்று கேட்டார். வரும்போது, எந்த பாத்ரூமுக்குப் பயந்து மாத்திரையை விட்டேனோ அதே பாத்ரூமுக்கு இப்ப ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியிருக்கு என்றார். அன்று மூச்சு வாங்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. அங்கிருந்து அந்த டாக்டரும் எங்களோடு வேனில் ஏறிக்கொண்டு வேலூர் வரை வந்தார். அவர் என்னிடம் பெயர் சொல்லவில்லை, நானும் அந்தப் பதற்றத்தில் கேட்கவில்லை.

டீச்சர் வார்டில் இருந்த நாட்களில் நான் பச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காவேரிப்பாக்கம் முதல் ஆம்பூர் வரை எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன். பதில் கார்டு வராத வீடுகளை, சோம்பேறித்தனம் என்று நினைத்து விட்டு வைத்திருந்தேன். அவற்றில் பல வீடுகளில் மாலை போட்ட படம் இருந்தது. சிலர் இதயத்தால் போயிருந்தார்கள். சிலர் சிறுநீரகம், சுகர், வேறு ஏதேதோ. என் வாயால் ‘நல்லா இருக்கு’ என்று கேட்டுவிட்டுப் போன முகங்கள்.

இரண்டு தட்டையும் எங்கள் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து புரட்டினார். தளர்ந்த இதயக்காரர்கள் சாவில் கொஞ்சம் முன்னால் போயிருந்தார்கள், அது உண்மை. ஆனால் விறைத்த இதயக்காரர்கள் நாம் நினைத்த அளவுக்குப் பின்தங்கி நிற்கவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் இருந்த தூரம் அந்தக் கோடுகளின் நிறத்தில் இருந்ததைவிடக் குறைவு. இதில் இன்னொரு அநியாயமும் உண்டு என்றார் டாக்டர். தளர்ந்த இதயத்துக்கு ஆயுளைக் கூட்டுகிற மாத்திரைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. விறைத்த இதயத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. நீர் மாத்திரை, பிரஷர் கட்டுப்பாடு, உப்புக் குறைப்பு, யாராவது ஒருவர் கண் வைத்திருப்பது, இவ்வளவுதான். மருந்து கம்மியாக இருக்கிற வீட்டுக்குத்தான் பார்க்கிற ஆள் ஜாஸ்தி தடவை போகவேண்டும், நாம் தலைகீழாகச் செய்திருக்கிறோம் என்றார். நீ செய்திருக்கிறாய் என்று சொல்லவில்லை. நாம் என்றார். அன்றோடு கோடு போடுவதை நிறுத்திவிட்டோம். இப்போது நீங்கள் பார்க்கிற அட்டைகள் எல்லாம் வெள்ளை.

டீச்சர் வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சர்ச்சுக்கு வரச் சொன்னார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் எழுந்தார்.

“போன தடவை இங்க நின்னு என் இருதயம் நார்மலாயிடுச்சுன்னு சொன்னேன். அது தப்பு. விறைச்சுப் போயிருக்கு, இனிமே சரியாகாதாம். மாத்திரை சாப்பிடறேன். ஊறுகாய விட்டுட்டேன். தோல் தராசுல தெனமும் எடை பாக்கறேன். சுகமாயிட்டேன்னுதான் நன்றி சொல்லணும்னு இல்லியே. நாலு பேர் கண்ணுல என்னைப் பட வெச்சதுக்கும் ஸ்தோத்திரம்.”

முன் வரிசையில் ஒரு அம்மா ஆமென் என்றார்.

வெளியே கேட்டண்டை அன்வர் பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாட்சியில் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தார். சொன்னேன். தராசைப் பத்தியும் சொன்னாங்களா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றதும், அப்ப நாளையிலிருந்து பாதி ஊரு வரும், பலகையைக் கழுவி வெக்கணும், பேஜார்தான் என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். பாதி ஊர் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பச்சை அட்டைக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். காலை ஷிஃப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் தராசு அவர்களுடையது என்று டேனரியில் ஒரு எழுதாத ஏற்பாடு உண்டானது. சுவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. கோடு போட்டு, தலைப்பு எழுதி, ஒழுங்கு செய்தது டீச்சர்.

டீச்சர் ஓய்வு பெற்றார். அன்வர் பாய், நான் முதல் நாள் கொடுத்த கெடுவைத் தாண்டிப் பல வருஷம் இருந்தார். புது மாத்திரைகள் ஒரு காரணம், அந்தச் சாக்பீஸ் ஒரு காரணம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் தூக்கத்திலேயே போனார்.

உங்களுக்கு இரண்டு விஷயம். யார் வீட்டுக்குப் போனாலும் எப்படி இருக்கீங்க என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும். எத்தனை தலையணை, எத்தனை கிலோ, வழியில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். டீச்சரின் அட்டையைத் தட்டில் முதலாவதாக வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குப் போகவேண்டாம், காலையில் நேரே டேனரிக்குப் போய்விடுங்கள்.

அன்வர் பாய் அடக்கம் முடிந்த மறுநாள் நானும் அங்கேதான் போனேன். அவர் பத்தியில் கடைசி எண்ணுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை, அழிக்கவும் இல்லை. பக்கத்துப் பத்தியில் டீச்சரின் அன்றைய எடை இருந்தது. முந்தின நாளைவிட அரை கிலோ கூட. அதற்கு எதிரே, அந்தக் கரும்பலகை எழுத்தில் ஒரு குறிப்பு: ‘நேற்று சாப்பிடவில்லை. அப்படியும் கூடியிருக்கிறது, எனவே இது தண்ணீர். மாத்திரையை விடவில்லை.’